மாதக்கணக்கில் விட்ட ஆர்ச் லினக்ஸ்: கீரிங்கை மட்டும் முதலில் ஏற்றலாமா?

அரூர்க்காரன்: "ஆர்ச்சை ஒரு மாதம் அப்டேட் செய்யாமல் விட்டால் ஃபார்மட்தான் வழி" என்று கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். ஆர்ச் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் என் கடைக் கணினி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆர்ச்லினக்ஸ்-கீரிங் என்ற சாவிக்கொத்துப் பேக்கேஜை (மென்பொருள் பொதியை) முதலில் ஏற்றினேன், அப்புறம் முழு அப்டேட். இதோ, அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

பர்கூர்_ரூட்: எழுதியது நான்தான். கீரிங்கை மட்டும் தனியாக ஏற்றினீர்களா? மற்றதெல்லாம் பழசாக இருக்க ஒன்றை மட்டும் ஏற்றுவது அரைகுறை அப்டேட். ஆர்ச் அதை ஆதரிப்பதில்லை.

அரூர்க்காரன்: கீரிங்கில் இருப்பது பேக்கேஜ்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகள். பழைய சாவி காலாவதியானால் புதிய பேக்கேஜ் எதுவும் உள்ளே வராது. அதனால் கீரிங்கை ஏற்றிய கையோடு முழு அப்டேட்டும் போடச் சொல்லி ஆர்ச் விக்கியிலேயே இருக்கிறது. பாதிப் பக்கம் படித்துவிட்டு வராதீங்க தம்பி.

பர்கூர்_ரூட்: -எஸ்ஒய் போட்டு, அதாவது பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்து, ஒரே ஒரு பேக்கேஜ் ஏற்றினால் அரைகுறைதான். அண்ணன் போட்டாலும் அரைகுறைதான்.

ஓசூர்_டெபியன்: ஆர்ச்சை விட்டு டெபியன் ஸ்டேபிள் லினக்ஸ் போடுங்கள். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் இந்தக் கூத்து.

அரூர்க்காரன்: வந்துட்டார்யா. உங்களை இங்கே யார் கேட்டது?

பர்கூர்_ரூட்: 2025 ஜூனில், வன்பொருளை இயக்க உதவும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பல பேக்கேஜாகப் பிரிந்தது நினைவிருக்கிறதா? ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது என்று அப்டேட் பாதியில் நின்றது. தூங்கி எழுந்து வருபவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!

அரூர்க்காரன்: பழையதை -ஆர்டிடி போட்டு (எதற்குத் தேவை என்று பார்க்காமல்) நீக்கு, மறுபடி ஏற்று. ஆர்ச் முகப்பிலேயே போட்டிருந்தார்கள். தினமும் அப்டேட் போட்டவருக்கும் அதே இரண்டு வரிதான். 2022 ஆகஸ்டில், கணினியைத் தொடங்கிவைக்கும் க்ரப் மாறியபோது பூட் ஆகாமல் உட்கார்ந்தவர்கள் யார்? அன்றன்றைக்கு அப்டேட் போட்ட உங்களைப் போன்ற சுறுசுறுப்புக்காரர்கள். நான் மெதுவாக வந்து, செய்தியைப் படித்து, க்ரப்பை மறுபடி பதிக்கும் க்ரப்-இன்ஸ்டாலும் ஓட்டிவிட்டுப் போனேன்.

பென்னாகரம்_பச்சோந்தி: ஓபன்சூசே டம்பிள்வீட் லினக்ஸில், சிஸ்டத்தின் நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவைக்கும் ஸ்னாப்பர் இருக்கிறது. கெட்டுப்போனால் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி...

அரூர்க்காரன்: நீங்கள் அப்புறம் வாங்க. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்துபோன மாவட்டத்துக்காரர் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார், அதை முதலில் முடிப்போம்.

பர்கூர்_ரூட்: மாவட்டம் எதற்கு இங்கே? பிரிந்த பிறகுதான் நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம்.

அரூர்க்காரன்: இருங்கள், இருங்கள். அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ஈடிசி-க்குள், அப்டேட் விட்டுச்சென்ற புதிய அமைப்புகளான பேக்நியூ ஃபைல்களை ஒருநாளாவது திறந்து பார்த்ததுண்டா? அப்டேட் என்றால் எண்டர் தட்டுவது மட்டுமா?

பர்கூர்_ரூட்: பேச்சை மாற்றாதீங்க. கீரிங்கைத் தனியாக ஏற்றியது அரைகுறையா, இல்லையா?