அப்பா தனியா நடந்து போன ஊர் – நேப்பர்வில் டவுன்டவுன்ல இருந்தவங்க, இருக்கறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

கார்டு பொண்ணு:

வணக்கம் மக்களே. சிகாகோவுக்கு மேற்கால நேப்பர்வில்ல நாங்க பதினோரு வருஷமா இருக்கோம். முதல் எட்டு வருஷம் ரூட் 59 பக்கம் ஒரு புது சப்டிவிஷன்ல (ஒரே மாதிரி வீடுங்களா கட்டின குடியிருப்பு), இப்ப மூணு வருஷமா டவுன்டவுனுக்கு கிழக்கால, நார்த் சென்ட்ரல் காலேஜ் பக்கத்துல ஒரு பழைய மரவீட்ட வாடகைக்கு எடுத்து. பெரிய வீட்ட விட்டுட்டு ஏன் இந்த சின்ன வீட்டுக்கு போனீங்கன்னு கேக்காத ஆளே இல்ல. எல்லாருக்கும் ஒரே பதில்தான், எங்கப்பாவுக்காக.

அப்பா திருச்சில ரயில்வே கார்டா இருந்து ரிட்டையர் ஆனவர். காலைல அஞ்சரைக்கு எழுந்தா பால், டீக்கடை, பேப்பர், அப்டியே ஜங்ஷன் பக்கம் ஒரு நடை, எல்லாம் முடிச்சு வீடு திரும்ப எட்டு மணி ஆயிடும். அந்த மனுஷன் முதல் தடவ ஆறு மாசத்துக்கு இங்க வந்தப்ப சப்டிவிஷன்ல அவருக்கு போறதுக்கு ஒரு இடம் இல்ல. வீட்டு வாசல்லேந்து மெயின் ரோட்டுக்கே இருபது நிமிஷம், அங்க போனா அவ்ளோ அகல ரோட்ட கடக்கவே பயம், திரும்பி வந்து அதே வட்டத்த சுத்தணும், வழியில ஒரு ஆள் தட்டுப்படாது, கராஜ் கதவு தொறக்கும், கார் போகும், கதவு மூடும், அவ்ளோதான். ரெண்டாவது மாசம் ஒரு நாள் என்கிட்ட சொன்னார், "ஒரு ஷேவிங் பிளேடு வாங்கணும்னாலும் நீ ஆபீஸ் முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்கணுமாம்மா?" அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. நாப்பது வருஷம் ரயில அனுப்பி வெச்ச மனுஷன்.

அடுத்த தடவ அவர் வர்றதுக்குள்ள இங்க மாறிட்டோம். சாவிய கையில குடுத்து அட்ரஸ் எழுதின சீட்ட சட்டைப்பைல வெச்சு அனுப்பினேன். ஏழு மணிக்கு போனவர் பத்து ஆகியும் வரல. நான் பதறிப்போய் தேடினா மெட்ரா, அதான் இங்கத்த லோக்கல் ரயில், அந்த ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து கூட்ஸ் வண்டிக்கு வேகன் எண்ணிட்டு இருக்கார்! மூணு லைன், சிகாகோ போற லோக்கல், நடுவுல தூரத்து ஊருக்கு போற ஆம்ட்ராக், அப்பறம் ஒண்ணு மேல ஒண்ணு கன்டெய்னர் அடுக்கின கூட்ஸ். அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்த நான் பல வருஷமா பாத்ததில்ல.

அந்த ஸ்டேஷன் கிட்டயே ஒரு சிலை இருக்கு, நிறைய பேர் கவனிச்சிருக்க மாட்டீங்க. பழைய தண்டவாள ஆணிகள வெச்சே செஞ்ச மனுஷங்க, அடிபட்டவர ரெண்டு பேர் தாங்கி பிடிச்ச மாதிரி. 1946 ஏப்ரல் 25ம் தேதி மதியம் இங்க ஒரு ரயில் விபத்து, முன்னாடி வந்த வண்டி ஏதோ சந்தேகம்னு செக் பண்ண நின்னிருக்கு, அதே லைன்ல ரெண்டு மூணு நிமிஷ இடைவெளில வந்துட்டு இருந்த எக்ஸ்பொசிஷன் ஃப்ளையர்ங்கற ரயில் பிரேக் போட்டும் நிக்காம பின்னால மோதி 45 பேர் போயிட்டாங்க. அப்பா அந்த பலகைய ரெண்டு தடவ படிச்சார். அப்பறம் மெதுவா சொல்றார், வண்டி நடுவுல நின்னா பின்பக்கத்த காப்பாத்தறது கார்டோட வேலம்மா, நாங்க டெட்டனேட்டர தூக்கிட்டு பின்னால ஓடணும், மீட்டர் கேஜ்னா 400 மீட்டர்ல ஒண்ணு 800 மீட்டர்ல மூணு, பிராட் கேஜ்னா 600, 1200, தண்டவாளத்துல வெச்சு கட்டணும், மேல சக்கரம் ஏறினா வெடிக்கும், வர்ற டிரைவர் உஷாராயிடுவான். இங்கயும் ஒருத்தர் கொடியோட பின்னால இறங்கி ஓடித்தான் இருக்கார், ஆனா போதுமான தூரம் போக நேரம் கிடைக்கல. அப்பா அத கேட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அரியலூர்ல 1956 நவம்பர்ல மருதையாத்து பாலத்துல தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்தது அவருக்கு எட்டு வயசுல, தாத்தாவும் ரயில்வேதான், வீட்ல யாரும் சாப்பிடலன்னு சொல்லுவார். லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவிய விட்டாரே, அதே விபத்து.

இதெல்லாம் விட பெரிய விஷயம் அதுக்கப்பறம் நடந்தது. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு வயசான வெள்ளக்கார அம்மா, எம்பது தாண்டினவங்க, தினமும் சாயங்காலம் முன்வராண்டால உக்காந்திருப்பாங்க. இந்த பழைய வீடுங்க எல்லாத்துக்கும் நம்ம ஊர் திண்ணை மாதிரி வாசல்ல ஒரு வராண்டா உண்டு, தெருவுல போறவங்கள பாக்காம அங்க உக்கார முடியாது. அப்பா தினம் அந்த வழியா போக வர கும்பிடுவார், அவங்க கையாட்டுவாங்க. ஒரு நாள் அப்பா அவரோட ரயில்வே இங்கிலீஷ்ல அந்த விபத்த பத்தி கேட்டிருக்கார். அவங்களுக்கு அப்ப அஞ்சாறு வயசாம். லைன் ஓரத்துல இருந்த க்ரோலர் ஃபர்னிச்சர் ஃபேக்டரிலதான் அவங்கப்பாவுக்கு வேல, சத்தம் கேட்டதும் வேலக்காரங்க எல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடினாங்களாம், அவரு ராத்திரி வீட்டுக்கு வந்து கை கழுவிட்டே இருந்தாராம், பேசவே இல்லயாம். அந்த ஃபேக்டரி இப்ப அபார்ட்மென்ட்டும் ஆபீசுமா நிக்குது, நான் நூறு தடவ தாண்டி போயிருக்கேன், ஒண்ணுமே தெரியாது. எங்கப்பா வந்து மூணே வாரத்துல இந்த ஊரோட மனசுக்குள்ள போயிட்டார், நடந்து போனதால மட்டும்.

உங்களுக்கு இப்படி யாரையாவது சந்திச்ச அனுபவம் இருந்தா எழுதுங்க. நல்லதோ கெட்டதோ.

ரூட் 59 அக்கா:

படிச்சு கண்ணு கலங்கிருச்சும்மா. ஆனா நான் இன்னும் ரூட் 59 பக்கம்தான், அதையும் சொல்றேன். எங்க மாமியார் வந்தா அவங்களுக்கு முருங்கக்கா, கருவேப்பில, கோயில் மூணும் வேணும். இங்கேந்து பட்டேல் பிரதர்ஸ் இந்திய மளிகைக்கட அஞ்சு நிமிஷம், அரோரா பாலாஜி கோயிலும் பக்கம். டவுன்டவுன்ல வாசல்ல இறங்கினா காபிக்கட, ஐஸ்கிரீம், புத்தகக்கட எல்லாம் இருக்கு, கொத்தமல்லிக்கட்டுக்கு காரத்தான் எடுக்கணும். அதனால எல்லா அப்பா அம்மாவுக்கும் ஒரே மாதிரி ஒத்துவராது, யாருக்கு என்ன பிடிக்கும்னு பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

ஆனா ஒரு அனுபவம். 2024 மே கடைசில, பதினேழு வருஷத்துக்கு ஒருக்கா மண்ணுக்குள்ளேந்து வருமே சில்வண்டு, செய்தில எல்லாம் ஒரே பேச்சு. என் பையன் டார்ச்ச எடுத்துட்டு தெனமும் ராத்திரி எங்க பேக்யார்டுல தேடறான், ஒண்ணு கூட இல்ல, அழுகையே வந்துருச்சு அவனுக்கு. சரின்னு டவுன்டவுன் பக்கம் அந்த பழைய தெருவுக்கு கூட்டிட்டு போனேன். யம்மா! மரம் பூரா, வேலி பூரா, நடைபாதை பூரா, பக்கத்துல நிக்கறவங்க பேசறது கேக்கல அவ்ளோ சத்தம். அங்க வராண்டால இருந்த ஒரு தாத்தா எறங்கி வந்து இவனுக்கு ஒரு வண்ட கைல எடுத்து குடுத்து சொல்லித்தந்தாரு. இதுங்க குஞ்சா இருக்கறப்ப மரத்து வேர்லதான் பதினேழு வருஷம் உறிஞ்சிட்டு இருக்கும், உங்க பக்கம் சோளக்காட்ட தோண்டி வீடு கட்டினது, அங்க பழைய மரமே இல்லாதப்ப வண்டு எங்கேந்து வரும்னு. ஊர்ல எது பழசு எது புதுசுன்னு வண்ட வெச்சே சொல்லலாம் போல. அடுத்தது 2041ல, அப்ப இவனுக்கு இருபத்தாறு வயசு. அந்த தாத்தா "நீ வந்து எனக்கு பதிலா பாரு"ன்னு இவன்கிட்ட சொன்னாரு. இவன் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கான்.

பழைய வீட்டுக்காரன்:

நான் அந்த ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ளயே, அதாவது பழைய வீடுங்கள பாதுகாக்கற பகுதிக்குள்ளயே வீடு வாங்கினவன். இந்த தெருக்கள் 1977லயே வரலாற்று இடங்களோட தேசிய பதிவேட்டுல ஏறிருச்சு. வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கங்க, தெருவ பாத்த பக்கம் ஜன்னல், கதவு, வராண்டா எதையாவது வேற மாதிரி மாத்தணும்னா முதல்ல அனுமதி வேணுமான்னு கேட்டுக்கணும். ஒரு கான்ட்ராக்டர் என்கிட்ட அதெல்லாம் தேவையில்லன்னு சொல்லி அட்வான்ஸ வாங்கிட்டு வினைல் ஜன்னல மாட்ட ஆரம்பிச்சு பாதில நிறுத்த வேண்டியதாப்போச்சு, அந்த பணம் போனது போனதுதான். பேஸ்மென்ட் ஈரம் வேற, பழைய பெயின்ட்ல ஈயம் (லெட்) இருக்கலாம், சின்னப் பிள்ளைங்க இருந்தா கட்டாயம் டெஸ்ட் பண்ணுங்க.

அந்த ஜன்னல் பிரச்சனைலதான் எனக்கு ஒரு நல்ல மனுஷர் கிடைச்சார். எதிர் வீட்டு ரிட்டையர்டு தச்சர். நான் தலைல கை வெச்சு வாசப்படில உக்காந்திருக்கறத பாத்துட்டு தானா வந்தார். ஏன் மாத்தறீங்க, இந்த மரம் இப்ப கிடைக்காது, கயிறு மட்டும்தான் அறுந்திருக்குன்னு சொன்னார். அந்த ஜன்னல் பக்கச்சட்டத்துக்குள்ள ஒரு இரும்பு எடைக்கல் கயித்துல தொங்கும், அதுதான் ஜன்னல மேல தூக்கினா அப்படியே நிக்க வெக்கறது, எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். நாலு சனிக்கிழம ரெண்டு பேருமா சேந்து ஒன்பது ஜன்னல் சரி பண்ணோம். காசே வாங்கல, என் வீட்டம்மா செஞ்ச லெமன் ரைஸ் மட்டும் டப்பாவுல கேட்டு வாங்கிட்டு போவார். எங்க தெருவுலயே டிஸ்ட்ரிக்ட் எல்லை தாண்டினா, நல்லா இருந்த வீட்ட இடிச்சிட்டு மனை பூரா அடைச்சு புதுசா கட்டறாங்க, அங்க அது ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு தடவ புல்டோசர் வர்றப்பவும் அவர் போய் நின்னு பாப்பார், அப்ப அவர் முகத்த என்னால பாக்க முடியாது.

ரயில்ல போறவன்:

கார்டு பொண்ணுக்கு வணக்கம் அக்கா. நான் டெய்லி மெட்ரால சிகாகோ யூனியன் ஸ்டேஷன் போறவன், எக்ஸ்பிரஸ்னா முக்கால் மணிக்குள்ள போயிடும். நான் வந்த புதுசுல ஸ்டேஷன்ல கார் நிறுத்த பெர்மிட்டுக்கு பேர் குடுத்துட்டு வருஷக்கணக்கா காத்துட்டு இருந்தவங்கள தெரியும். அதுக்காகவே ஸ்டேஷனுக்கு நடக்கற தூரத்துல ரூம் பாத்தேன். கஷ்டத்தையும் சொல்லணும்ல, வெள்ளி சனி ராத்திரி பார் மூடற நேரத்துக்கு கத்தல் தாங்காது, ஒருத்தன் எங்க வாசல் ரோஜாத்தொட்டிய உதச்சு ஒடச்சிட்டு போயிட்டான். கூட்ஸ் வண்டிக்கு கட்டில் அதிரும், பழக ரெண்டு மாசம் ஆச்சு.

எனக்கு மறக்காதது ஒரு ஜூலை வியாழக்கிழமை. ரொம்ப மோசமான நாள், வேல போச்சு அன்னிக்குத்தான், விசா என்னாகும்னு தெரியல. ரயில விட்டு எறங்கி வீட்டுக்கு போகப் பிடிக்காம நடந்தேன், சென்ட்ரல் பார்க்ல பேண்ட் வாசிக்கறாங்க. அந்த முனிசிபல் பேண்ட் 1859லேந்து இருக்குங்க, அமெரிக்க உள்நாட்டுப்போருக்கும் முன்னாடி! கோடைல வியாழக்கிழம ஃப்ரீயா வாசிப்பாங்க. புல்லுல ஓரமா உக்காந்தேன், பேக் கூட கழட்டல. பக்கத்துல ஒரு குடும்பம், அந்த அம்மா என்னமோ என் மொகத்த பாத்துட்டு ஒண்ணும் கேக்காம ஒரு தட்டுல தர்பூசணி வெச்சு நீட்டினாங்க. வாங்கி சாப்ட்டேன். ஒரு வார்த்த பேசல ரெண்டு பேரும். கார்ல வந்திருந்தா நேரா கராஜுக்குள்ள போயி இருட்டுல உக்காந்திருப்பேன். ஏழு வாரத்துல வேற வேல கெடச்சது. அவங்கள அப்பறம் பாக்கவே இல்ல, இப்பவும் வியாழக்கிழம போனா தேடுவேன்.

கார்டு பொண்ணு:

தம்பி, உங்க தர்பூசணி விஷயத்த அப்பாவுக்கு வாய்ஸ் நோட்டுல படிச்சு அனுப்பினேன்.

ரூட் 59 அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி, எங்கம்மாவுக்கு இங்க வந்தும் கொத்தமல்லிக்கு கார்தான். ஆனா அம்மாவுக்கு ஆறு பிடிச்சுபோச்சு. அந்த ரிவர்வாக் 1981ல ஊருக்கு 150 வயசு ஆனப்ப ஊர்க்காரங்களே கைப்பட வேல செஞ்சு போட்டதாம், செங்கல் பாத, கூரை போட்ட மரப்பாலம், தண்ணிக்கு பக்கத்துலயே போகும். காவிரிக்கரைல பொறந்தவங்களுக்கு இந்த டுபேஜ் ஆறு வாய்க்கால் மாதிரிதான் தெரியும், இருந்தாலும் தினமும் தண்ணிய தொட்டுட்டுத்தான் திரும்புவாங்க. நிக்கல்ஸ் லைப்ரரியும் அந்தக் கரைக்கு பக்கமே, ஒரு மனுஷன் எழுதி வெச்ச 10,000 டாலர்ல 1898ல தொடங்கின லைப்ரரின்னு தெரிஞ்சதும் அப்பா அங்க செருப்ப தொடச்சிட்டுத்தான் உள்ள போவார். பெல் டவர்ல மணி அடிச்சா ரெண்டு பேரும் நின்னுடுவாங்க, 72 மணிய வெச்சு பாட்டே வாசிக்கறாங்க மேல.

எப்படி இந்த ஒரு பகுதி மட்டும் நடக்கற மாதிரி அமைஞ்சதுன்னு இன்பாக்ஸ்ல ஒருத்தர் கேட்டீங்க. ஜோசப் நேப்பர் வந்து குடியேறினது 1831, ரயில் வந்தது 1864. கார் வர்றதுக்கு முன்னாடி போட்ட தெரு, அதான் எல்லாம் கால் தூரத்துல. எங்க பழைய சப்டிவிஷன் காருக்கு அப்பறம் போட்டது.

வாடகை கேட்டவங்களுக்கு, அதே பணத்துக்கு ரூட் 59ல ரெண்டு பாத்ரூம் கூட கிடைக்கும், எங்களுக்கு இங்க ஒண்ணுதான், காலைல சண்ட வரும். பேரன் பேத்தி ரூமுலதான் தாத்தா படுத்தார்.

அப்பா அம்மா அக்டோபர்ல திருச்சிக்கு திரும்பிட்டாங்க. கிளம்பற அன்னிக்கு அந்த வராண்டா அம்மா தடிய ஊனிட்டு எங்க வாசல் வரைக்கும் நடந்து வந்து அப்பாகிட்ட ஒரு பழைய ரயில் டைம்டேபிள குடுத்தாங்க, அவங்கப்பா வெச்சிருந்ததாம். அப்பா அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு பூஜ ரூம்ல வெச்சிருக்கார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல முதல் கேள்வி நாங்க எப்படி இருக்கோம்னு இல்ல, "அந்த அம்மா வாசல்ல பனி அள்ளினியா?"ன்னுதான். நாளைக்கு ஆறு இஞ்ச் வரும்னு சொல்றாங்க, ஷவல வாசல்ல எடுத்து வெச்சிருக்கேன், முதல்ல அவங்க வீடு அப்பறம் எங்க வீடு.