"கூட்டு வாக்கியம்" வேண்டாம்: மாற்றுச் சொல் தேவை

வணக்கம் டீச்சர்,

தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியம் ஒன்றாக இணைந்து வருவதற்கு வைத்த "தொடர்நிலைத் தொடர்" என்ற பெயர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுமைதான். நீளமான வாக்கியம் எல்லாம் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கே வழங்கும் "கூட்டு வாக்கியம்" அதைவிடக் கெடுதல். கூட்டு என்றதும் 'உம்' எங்கே என்று தேடுகிறார்கள். "அம்மா மரச்சீனியும் சாளையும் வாங்கினாள்." இதில் கூடி நிற்பவை இரண்டு பொருள்கள், வாங்கியது ஒரு முறைதான். இது தனித்தொடர், அதாவது ஒரே வாக்கியம்.

ஒருமுற்றுத் தொடர், இணைமுற்றுத் தொடர் என்று வைத்தால் என்ன? முற்றை, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினையை, எண்ணு என்ற சோதனை பெயரிலேயே இருக்கிறது.

*

சார்,

'இணை' பொருத்தம். 'முற்று' இடறும். "இது வள்ளம், அது கட்டுமரம்." இரண்டு தொடர் இணைந்திருக்கிறது, வினைமுற்று ஒன்றுகூட இல்லை. தொல்காப்பியம் பயனிலையை ஆறாக வகுக்கும்போது பெயர்கொள வருதலையும் (பெயரால் முடிவது) பண்புகொள வருதலையும் (பண்பால் முடிவது) வினைநிலை உரைத்தலோடு (வினையால் முடிவது) சேர்த்தே எண்ணுகிறது. "இணைபயனிலை" வாய்க்கு நீளம். "முடிபு" நம் இலக்கணத்தில் பழகிய சொல், வாக்கியத்தை முடிக்கும் சொல்லைக் குறிக்கும், பெயரையும் வினையையும் அடக்கும். ஆகவே ஒருமுடிபுத் தொடர், இணைமுடிபுத் தொடர்.

வகுப்பில் காகிதப் பட்டைக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுக்கலாம். முடிபின் அடியில் சிவப்புக் கோடு. கோடு இரண்டு விழுந்தால் முதல் கோட்டை அடுத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். ஆனால், அதனால், ஆகவே போன்ற சொல்லைக் கழித்தபின் இரண்டு துண்டும் தனியே நிற்கிறதா என்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "மழை பெய்தது, அதனால் ரப்பர் பால் வெட்டு நடக்கவில்லை" நிற்கும். "மழை பெய்ததால் ரப்பர் பால் வெட்டு நடக்கவில்லை" என்பதில் கோடு ஒன்றே. 'பெய்ததால்' என்பதோடு வெட்டினால் துண்டு தொங்கும்.

அதிகம் தவறுவது எச்சத்தில்தான், அதாவது போய், வந்து போல முடியாமல் நிற்கும் வினையில். "அப்பா குளச்சலுக்குப் போய் மீன் எடுத்து வந்து விற்றார்." செயல் நான்கு, ஆகவே தொடர் நான்கு என்பார்கள். முடிபு 'விற்றார்' மட்டும். இந்த வகையில் நாலைந்து பட்டையாவது வேண்டும். "போனார் மற்றும் விற்றார்" என்று எழுதும் பிள்ளையை அங்கேயே திருத்துங்கள். வினைமுற்றுகளை 'மற்றும்' போட்டுக் கோப்பது தமிழின் வழக்கு இல்லை.

*

டீச்சர், முடிபு சரி. முற்றை விட்டுவிடுகிறேன்.

கத்தரி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "மழை வரும் என்று பாட்டி சொன்னாள்." சிவப்புக் கோடு இரண்டு விழும், 'என்று' கழிந்தால் இரண்டு துண்டும் நிற்கும். ஆனாலும் இணை அல்ல. "பாட்டி என்ன சொன்னாள்?" என்று கேட்டால் முதல் துண்டே விடையாக வரும். அது இரண்டாவதின் பக்கத்தில் இல்லை, வயிற்றுக்குள் இருக்கிறது. ஒரு வாக்கியம் இன்னொன்றைச் சார்ந்து நிற்கும் கலவை வாக்கியத்தில் இந்த வகைக்கு "உள்முடிபுத் தொடர்" என்று பெயர் வைக்கலாம். மேல்வகுப்புக்கு அது போதும். ஐந்தாம் வகுப்புப் பட்டைகளில் 'என்று' வரும் வாக்கியம் ஒன்றுகூடக் கலக்க வேண்டாம்.