நான் எடுத்த முடிவுக்கு வீட்ல இருக்கறவங்க விலை கொடுக்கறாங்க, இது சரியா?

கணக்குப்பிள்ளை82:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவ. நீளமா போச்சுன்னா மன்னிச்சிருங்க.

ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாத்துட்டு இருந்தேன். வராத சரக்கு வந்ததா காட்டி பில் பாஸ் பண்ணச் சொன்னாங்க. முதல் தடவ ஏதோ சொல்லி தட்டிக்கழிச்சேன், ரெண்டாவது தடவ முடியாதுன்னுட்டேன், மூணாவது தடவ கையெழுத்து போடு இல்லன்னா கிளம்புன்னாங்க, கிளம்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி அவ்வளவு சமாதானமா தூங்கினேன். இப்ப பதினோரு மாசம் ஆச்சு. கிடைச்சிருக்கற வேலைல பாதி சம்பளம்தான். மனைவி பகல்ல வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி தையலும் எடுத்து செய்றா. பொண்ணோட பாட்டு கிளாஸ நிறுத்திட்டோம், ஏன்னு அவ ஒரு வார்த்த கேக்கல, அதான் எனக்கு இன்னும் தாங்க முடியல.

போன மாசம் சபைல பாஸ்டர் என்னை இத எல்லார் முன்னாடியும் சாட்சியா சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க, நிறைய பேர் வந்து கை குடுத்தாங்க. மனைவி மட்டும் தலைய நிமிர்த்தவே இல்ல. வீட்டுக்கு வந்து என்னன்னு கேட்டேன். "நீங்க கையெழுத்து போடாதது சரிதாங்க, அத நான் என்னிக்கும் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க சாட்சில நானும் பிள்ளையும் எங்கயுமே இல்லையே"ன்னு சொன்னா.

லூக்கா 14ல கோபுரம் கட்டறவன் முதல்ல உக்காந்து செல்லும் செலவக் கணக்குப் பாக்கணும்னு இயேசு சொல்றார். நான் பாத்தேன்னுதான் நெனச்சேன். ஆனா பாத்தது என் கணக்க மட்டும், செலவு போறது அவங்க கைலேர்ந்து. அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடிதான் மனைவி பிள்ளைகள வெறுக்காட்டி என் சீஷனா இருக்க முடியாதுன்னும் இருக்கு. அப்போ இப்படித்தான் இருக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜெபவீரன்_7:
பிரதர், கலங்காதீங்க. மாற்கு 10ல கர்த்தர் நூறத்தனையா தருவேன்னு வாக்கு குடுத்திருக்கார். நீங்க இழந்தத விட பெரிய வேலை வரும், விசுவாசத்தோட காத்திருங்க. உங்க குடும்பத்துக்காக இன்னிக்கு ஜெபிக்கறேன்.

ஓரத்து_பெஞ்சு:
கணக்குப்பிள்ளை அண்ணா, அந்த "வெறுக்காவிட்டால்"ங்கறதுக்கு மட்டும் என் பதில சொல்றேன். அதே போதனை மத்தேயு 10:37ல வருது, அங்க "என்னை விட அதிகமா நேசிக்கறவன்"னுதான் இருக்கு. எதுக்கு முதலிடம்ங்கறத எபிரெயர்கள் அப்படி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசுவாங்க. ஆதியாகமம் 29லயும் லேயாள் அற்பமா எண்ணப்பட்டாள்னு படிக்கறோமே, எபிரெய மூலத்துல அந்த இடத்துலயும் வெறுக்கறதுங்கற சொல்தான், ஆனா முந்தின வசனத்துல யாக்கோபு அவளை விட இன்னொரு மனைவி ராகேல அதிகமா நேசிச்சான்னுதான் இருக்கு. இதே இயேசுதான் மாற்கு 7ல, பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியத "கொர்பான், தேவனுக்குக் குடுத்துட்டேன்"னு சொல்லி கைகழுவினவங்கள அவ்வளவு கடுமையா கண்டிச்சார். தேவன் பேரச் சொல்லி வீட்டுக் கடமைலேர்ந்து தப்பிக்கறத அவர் ஏத்துக்கவே இல்ல. நீங்க தப்பிக்கலைன்னு எனக்குத் தெரியும், ஆனா அந்த வசனத்த தயவுசெஞ்சு அக்காகிட்ட பதிலா சொல்லிடாதீங்க.

இன்னொண்ணு. கி.பி. 203ல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ்ல ரத்தசாட்சியா செத்த பெர்பெத்துவாவுக்கு வயசு இருபத்திரண்டு கிட்டதான், கைல பால்குடிக்கற பிள்ளை. சிறைல அவங்களே எழுதினதா ஒரு குறிப்பு இன்னிக்கும் இருக்கு. விசுவாசி இல்லாத அவங்க அப்பா திரும்பத் திரும்ப வந்து, விசுவாசத்த விட்டுரு, என் நரைச்ச தலைய நெனச்சுப் பாரும்மான்னு கெஞ்சறார், அதுக்காக அடியும் வாங்கறார். அந்த அடி தன் மேலயே விழுந்த மாதிரி இருந்துச்சுன்னு எழுதறாங்க. பின்வாங்கல, ஆனா அப்பாவோட வலிய மறைக்கவும் இல்ல. எனக்கு அவங்க விசுவாசத்த விட அந்த நேர்மை பெருசா தெரியுது.

ஊழியக்காரர்_மகள்:
அண்ணா, நான் உங்க பொண்ணோட இடத்துல இருந்து வளர்ந்தவ. எங்க அப்பா நல்ல வேலைய விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தார். அப்ப எனக்கு ஒம்போது வயசு. வசதி கம்மியானது எனக்கு பெருசா ஞாபகம் இல்ல, நிஜமா சொல்றேன். ஞாபகம் இருக்கறது என்னன்னா, வீட்ல ஒருத்தரும் கஷ்டமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாது, சொன்னா முறுமுறுப்பு, அவிசுவாசம். அதனால நானும் உங்க பொண்ணு மாதிரியே எதுவும் கேக்காம இருந்தேன். கேக்காத பிள்ளைக்கு வலிக்கலைன்னு அர்த்தம் இல்ல.

எரிக் லிடெல்னு ஒரு ஓட்டக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறுல வருதுன்னு அதுல ஓடாம விட்டு, 400 மீட்டர்ல தங்கம் வாங்கினவர். இந்தக் கதைய எத்தன பிரசங்கத்துல கேட்டிருப்போம். அதுக்கப்புறம் அவர் சீனாவுக்கு மிஷனரியா போனார். 1941ல கர்ப்பமா இருந்த மனைவியையும் ரெண்டு பெண் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிட்டு தான் மட்டும் அங்க தங்கினார். ஜப்பானியர் நடத்தின முகாம்ல அடைச்சாங்க, 1945 பிப்ரவரில மூளைக் கட்டி வந்து அங்கயே போயிட்டார், வயசு 43. மூணாவது மகள அவர் பாக்கவே இல்ல. அவர் செஞ்சது தப்புன்னு சொல்ல வரல, முகாம்ல பிள்ளைங்களுக்கு அவர் அவ்வளவு பிரியமா இருந்தாராம். ஆனா நாம பதக்கத்தோட நிறுத்திடறோம், ஏன்னா அந்தக் கதைல விட்டது திரும்பக் கிடைச்சிருது. அந்த அம்மாவும் மூணு பிள்ளைகளும் கொடுத்த விலைய யாரும் சாட்சின்னு சொல்றதில்ல.

எங்க அப்பா எனக்கு இருபத்தாறு வயசு இருக்கும்போது ஒரு நாள் உக்கார வச்சு, "உங்ககிட்ட கேக்காமலே உங்க பங்கையும் சேத்து குடுத்துட்டேன்மா"ன்னார். ரெண்டு பேரும் அழுதோம். அவர் எடுத்த முடிவுல எனக்கு வருத்தம் இல்ல, அந்த ஒரு வார்த்தைக்கு பதினேழு வருஷம் ஆச்சுங்கறதுதான் வருத்தம். நீங்க அவ்வளவு நாள் எடுத்துக்காதீங்க.

தாமதமா_வந்தவன்:
தம்பி, நான் இதே மாதிரி இடத்துல கையெழுத்து போட்டவன். குடும்பத்துக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சம்பளம் நிக்கல, ஆனா ஒவ்வொரு ஆடிட் வரும்போதும் தூக்கம் போகும், பையன்கிட்ட பொய் சொல்லாதேன்னு சொல்ல வாய் வராது. அதனால போடலைன்னு வருத்தப்படாதீங்க.

ஜெபவீரன் பிரதர், உங்க அன்பு புரியுது. ஆனா அதே வசனத்துல "துன்பங்களோடேகூட"ன்னு ஒரு வார்த்த இருக்கு, அத விட்டுட்டுப் படிக்க வேண்டாமே. அந்த நூறு மடங்கு என்னன்னும் பாருங்க. வீடு, சகோதரர், சகோதரி, தாய், பிள்ளைகள். நூறு தாய் எங்கேர்ந்து வருவாங்க? சபைலேர்ந்துதான். அப்போஸ்தலர் 4ல ஆதி சபைல இருந்தவங்கள்ல ஒருத்தருக்கும் குறைவில்லைன்னு படிக்கறோமே, அது வானத்துலேர்ந்து விழல, நிலத்தையும் வீட்டையும் வித்துக் கொண்டு வந்து வச்சாங்க. அன்னிக்கு கை குடுத்த அத்தன பேர்ல ஒருத்தராவது பிள்ளையோட கிளாஸ் ஃபீஸ் என்னாச்சுன்னு கேட்டாங்களா தம்பி? எனக்கு உங்க மேல கோபம் இல்ல, அவங்க மேலதான்.

கணக்குப்பிள்ளை82:
யாரும் கேக்கல அண்ணா. நானும் யார்கிட்டயும் சொல்லல, சாட்சி சொன்னவன் போய் உதவி கேட்டா நல்லாருக்குமான்னு ஒரு கூச்சம். அத இப்பதான் யோசிக்கறேன்.

நேத்து ராத்திரி எல்லாத்தையும் மனைவிகிட்ட படிக்கக் குடுத்தேன். ஊழியக்காரர்_மகள் சிஸ்டர் எழுதினத ரெண்டு தடவ படிச்சா. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் வரவு செலவு நோட்ட எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தா, இந்தப் பதினோரு மாசத்துல நாங்க சேந்து உக்காந்து அத பாத்தது நேத்துதான். பன்னெண்டு மணி தாண்டிருச்சு. சனிக்கிழமை ஊழியத்த மூணு மாசத்துக்கு விட்டுட்டு ரெண்டு சின்ன வியாபாரத்துக்கு கணக்கு எழுதலாம்னு இருக்கேன், அந்தக் காசுல பாட்டு கிளாஸ், மனைவிக்கு ராத்திரி தையல் வேண்டாம். காலைல பொண்ணுகிட்ட கிளாஸ நிறுத்தினதுக்கு மன்னிச்சிரும்மான்னேன். "திரும்ப அதே மிஸ்ஸாப்பா?"ன்னு மட்டும் கேட்டா.

பாஸ்டர்கிட்ட ஞாயித்துக்கிழமைதான் சொல்லணும். அவர் எப்படி எடுத்துக்குவார்னு தெரியல, ஜெபம் பண்ணிக்கோங்க.