ஷாமிசெனுக்கு முதன்முதலாகக் கோமா வாங்கினேன்

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் ஷாமிசென் என்ற ஜப்பானிய வாத்தியம் கற்கத் தொடங்கினேன். மூன்று தந்திகள், தோல் போர்த்திய சதுர உடம்பு, நீண்ட கழுத்து. கழுத்தின் பருமனை வைத்து ஹொசோசாவோ, சூசாவோ, ஃபுதோசாவோ என்று மூன்று வகை. என்னுடையது மெல்லிய ஹொசோசாவோ, கபுகி நாடகத்தோடு வளர்ந்த பாட்டிசையான நாகவுதா வாசிப்பதற்கானது. இந்த வகை எதற்கெல்லாம் முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் கோமா கீழே விழுந்து விரிசல் விட்டது. வீணையில் குதிரை இருக்கிறதே, அதைப் போலத் தோலின்மேல் நின்று தந்திகளைத் தாங்குவதுதான் கோமா. மூங்கிலில் செய்து மேல்விளிம்பில் எலும்பு பதித்த ஒன்று பார்க்க அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். மாட்டி வாசித்தால் தந்திகள் கழுத்தில் இடித்து, கை வைத்த இடமெல்லாம் கரகரவென்றது.

ஆசிரியை கையில் எடுத்துப் பார்த்ததுமே, "இது த்சுகாரு கோமா" என்றார். தடித்த கழுத்துள்ள த்சுகாரு ஷாமிசெனுக்கு உரியது. உயரம் 2 பூ 6 ரின். எனக்கு வேண்டியதோ 3 பூ 2 ரின். ஒரு பூ என்பது சுமார் 3 மில்லிமீட்டர், ஒரு ரின் அதில் பத்தில் ஒன்று. ஆக வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கே வாத்தியம் இப்படி ஆகிவிட்டது!

கரகரப்பு முழுக்கவும் கெட்டதில்லை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். முதல் தந்தி மட்டும் கழுத்தின் மேல்முனையை லேசாகத் தொட்டபடி ரீங்கரிக்கும். அதன் பெயர் ஸவாரி. தம்பூராவில் நூல் வைத்து ஜீவா கூட்டுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த நாதம் உடனே பிடிபட்டது. அது முதல் தந்தியில் எழ வேண்டியது. என் வாத்தியத்தில் மூன்று தந்தியும் கத்தின.

தந்தி வாங்கும்போது உறையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 15-2 என்றால் 15 பருமனில் இரண்டாம் தந்தி. பட்டுத் தந்திகள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளில் சாயமேற்றுவது அங்கேயும் பழைய வழக்கம். நாதம் அருமை, ஆனால் மெல்லிய மூன்றாம் தந்தி சீக்கிரம் அறுந்துவிடும். அதற்கு மட்டும் நைலான் போட்டுக்கொண்டேன், ஆரம்பத்துக்கு அது போதும்.

அப்புறம், பழைய பொருள் விற்கும் கடைகளில் தந்தத்தில் செய்த கோமாவும், தந்திகளை மீட்டும் தட்டையான கட்டையான பாச்சியும் கிடைக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1990 முதல் தடை இருக்கிறது. ஊருக்குக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சிக்கல்தான். பழகுவதற்கு மரப் பாச்சியே நன்றாக இருக்கிறது.

அடுத்த முறை கடைக்கு விரிசல் விட்ட கோமாவையே எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைக் கண்ணாடி மேசையில் நிறுத்தி, பக்கத்தில் ஒவ்வொன்றாகப் புதிய கோமாக்களை வைத்துக் குனிந்து பார்த்தார். நான்காவது சரியாக நின்றது. பழையதை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, பெட்டியில் தந்திகளோடு வைத்திருக்கிறேன்.