கேட்கக் கூசுபவர்களுக்கும் ஒரு வாசல்: தொழிலில் ஈகை குறித்த அனுபவங்கள்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து, எண்ணெய்ச் செக்கு நடத்துபவர்:

தொழில் செய்பவனுக்கு ஈகை என்றால் ஆண்டுக்கொரு முறை கோயில் அன்னதானத்துக்கு இரண்டு டின் நல்லெண்ணெய் கொடுப்பது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது என் பெரியம்மாவின் இடது கண்ணில் வளர்ந்த புரைதான். மதுரைக்கு அழைத்துப் போகிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும், "நீ செக்கை நிறுத்திவிட்டு என்னோடு அலைய வேண்டாம்" என்று தட்டிக்கழித்துவிடுவார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் நடந்தது. அறுவைச் சிகிச்சை தேவை என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை அன்றே பேருந்தில் மதுரைக்கு ஏற்றிச் சென்றார்கள். எங்கள் தெருவிலிருந்தே நாலைந்து பேர் இருந்ததால் பெரியம்மாவும் துணிந்து ஏறிவிட்டார். போக்குவரத்து, உணவு, தங்குமிடம், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எதற்கும் அவர் பணம் தர வேண்டியிருக்கவில்லை. மனம் கேட்காமல் மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். அங்கே வருமானச் சான்றிதழையோ ரேஷன் அட்டையையோ யாரும் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. கட்டணம் செலுத்தும் பிரிவுக்குச் செல்வதா, இலவசப் பிரிவுக்குச் செல்வதா என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்கிறார். நானோ, ஒரு லிட்டர் கடலை எண்ணெய் கடன் கேட்பவரிடம் மூன்று கேள்வி கேட்காமல் தந்ததில்லை.

தொடக்க காலத்தில் முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவைச் சிகிச்சைக்கு வரச் சொல்லி அனுப்பினால் பெரும்பாலோர் வராமலே இருந்துவிட்டார்களாம். சிகிச்சை இலவசம்தான் என்றாலும் பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, தனியாகப் போகும் அச்சம் ஆகியவை அவர்களைத் தடுத்தன. காரணங்களைக் கேட்டறிந்த பிறகே பேருந்தும் உணவும் ஏற்பாட்டில் சேர்ந்தன. ஊர்க்காரர்களை ஒன்றாக அழைத்துச் செல்லும் வழக்கம் எவ்வளவு பெரிய துணை என்பதை என் பெரியம்மாவிடமே பார்த்தேன்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

நண்பர் சொன்ன அதே மருத்துவமனையில் நான் பணம் செலுத்திச் சிகிச்சை பெற்றவன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல், தம் 58ஆவது வயதில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைப் பழக்கி அறுவைக் கத்தியைப் பிடித்தவர் அவர். முதலீட்டுக்கு வீட்டை அடகு வைத்ததும், குடும்பத்தார் நகைகளைக் கொடுத்ததும் அங்கே பலரும் அறிந்த செய்திகள்.

எனக்குக் குளிர்சாதன அறையும் மடிக்கும் வகை லென்ஸும் கிடைத்தன. இலவசப் பிரிவில் பாயில் படுத்திருந்தவர்களையும் பார்த்தேன். இந்த வேறுபாட்டை மூடி மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மருத்துவர்கள் இரு பிரிவுகளிலும் மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள். வசதிக்குத்தான் விலை, மருத்துவரின் திறமைக்கு அல்ல. என்னைப் போன்றோர் செலுத்தும் கட்டணத்தின் உபரியில்தான் இலவசப் பிரிவு நடக்கிறது என்றாலும், நான் தர்மம் செய்ததாக யாரும் எனக்கு நன்றி கூறவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

கணக்குப் பார்த்தே பழகிய எனக்கு லென்ஸின் கதை இன்னும் வியப்பைத் தந்தது. லென்ஸ் முழுவதும் இறக்குமதியான காலத்தில் ஏழைகளுக்குப் புரையை மட்டும் அகற்றி, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். நன்கொடை திரட்டி லென்ஸ் வாங்கிக்கொண்டே இருப்பதற்கு மாறாக, 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். நூறு டாலர் அளவில் விற்ற பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இரக்கப்பட்டுத் தள்ளுபடி கொடுப்பவரை வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடக்க விலையையே குறைக்க உட்கார்ந்து யோசித்தவர்கள் அரிது.

திருச்சியிலிருந்து, மருந்துக்கடை நடத்துபவர்:

மேலே எழுதியிருப்பவற்றைப் படித்தபோது என் தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. முதியவர்கள் கேட்டால் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவது என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காரில் வந்து இறங்குபவர்கள் தயங்காமல் கேட்டு வாங்கினார்கள். உண்மையில் முடியாதவர்களோ வாய் திறவாமல் முழு விலையைக் கொடுத்தார்கள், அல்லது பாதி மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். என் தாராளம் முழுவதும் கூச்சமில்லாதவர்களுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை ஓராண்டுக்குப் பின்னரே உணர்ந்தேன். இப்போது நாள்பட்ட நோய்களுக்கான மருந்துகளுக்குக் கேட்காமலே எல்லாப் பில்லிலும் தள்ளுபடி விழுகிறது. விழுக்காடு மட்டும் குறைவு.

அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தரச் சொன்னால் முன்பு முகம் சுளிப்பேன். காலாவதி நாள் அச்சிட்ட பக்கம் போய்விட்டால் மீதியை விற்கவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. அந்தப் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவைத்து மறுமுனையிலிருந்து கத்தரிக்கும்படி கடைப் பையன்களைப் பழக்கினேன். இந்தச் சிறு வழக்கத்தால் மாதக் கடைசியில் தூக்கியெறியும் மாத்திரைகளும் பெரிதும் குறைந்தன.

மீண்டும் விருதுநகர் மாவட்டத்திலிருந்து:

திருச்சி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் விலைப் பலகையைப் பார்த்தேன். ஐந்து லிட்டர் வாங்குபவரைவிட நூறு மில்லி வாங்குபவரிடம் லிட்டருக்குக் கூடுதலாகவே வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றாடக் கூலியில் அன்றாடம் எண்ணெய் வாங்குபவர்தான் என் கடையில் அதிக விலை கொடுத்திருக்கிறார். சிறு பாக்கெட்டின் பையும் ஒட்டும் வேலையும்தான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே, சொந்தப் பாட்டில் கொண்டுவருபவருக்கு எந்த அளவானாலும் லிட்டர் விலைக்கே எண்ணெய் என்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரத்தில் மூவர் வந்தார்கள். இப்போது மாலை ஐந்து மணிக்குப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாவது புனல் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.