ஏர் ரைஃபிளுக்கு முதல்முறையாக வேறு ட்ரிகர் மாட்டிய அனுபவம்

குடந்தைக்காரன்:

கம்பெனி ட்ரிகரைக் கழற்றிவிட்டுத் தனியாக விற்கும் ட்ரிகரை மாட்டியதைப் பற்றித் தமிழில் விவரமாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. துளை, ஆற்றல் 20 ஜூலுக்குள். உரிமம் தேவைப்படாத வகை. கல்லூரியில் என்சிசியில் .22 டீலக்ஸ் ரைஃபிள் சுட்ட பழக்கம் உண்டு. ஆனால் இந்த ஏர் ரைஃபிளில் அந்தப் பழக்கம் எதுவும் கைகொடுக்கவில்லை. ட்ரிகரை இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும், எந்த இடத்தில் விடும் என்று கடைசி வரை விரலுக்குத் தெரியாது. மீன்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன், இரண்டு கிலோவுக்கு மேல் காட்டியது. துப்பாக்கியின் எடையே மூன்று கிலோவை ஒட்டித்தான். அந்த இழுப்பில் முனை வலப்பக்கம் அசையாமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங் துப்பாக்கியில் இது இன்னும் பெரிய விஷயம். சியர் (ஏற்றிய பிஸ்டனைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) விட்டதும் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, உடனே வெளியே போய்விடாது. ஸ்பிரிங் விரிந்து, பிஸ்டன் முன்னால் பாய்ந்து, காற்று அழுந்தி, அதற்குப் பிறகுதான் பெல்லட் நகரும். நூறில் ஒரு நொடி அளவு நேரம்தான். அதற்குள் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் உதைத்துவிடுகிறது. விரல் தந்த அசைவும் அதோடு சேர்ந்துகொண்டால் குறி எங்கே நிற்கும்?

புதிய ட்ரிகர் உலோகம். அதில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். இழுக்கும்போது முதல் ஸ்க்ரூ சியரைத் தொட்டுத் தள்ளும். கொஞ்ச தூரம் போனதும் இரண்டாவது ஸ்க்ரூ அந்த வேலையை வாங்கிக்கொள்ளும். தள்ளும் புள்ளிக்கும் ட்ரிகர் சுழலும் பின்னுக்கும் (அச்சாணி) உள்ள தூரம் அப்போது மாறுவதால் விரலுக்குப் பாரம் சட்டென்று கூடி, ஒரு சுவரில் முட்டியது போல நிற்கும். அங்கே நின்று மூச்சைப் பாதி விட்டு, குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னும் துளி அழுத்தினால் விடும். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சுவர்தான். எடை குறைவது இரண்டாம்பட்சம்.

மாற்றும் வேலை பெரிதில்லை. உள்ளே பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று இரண்டு தடவை உறுதி செய்த பிறகுதான் ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) ஸ்க்ரூக்களில் கை வைத்தேன். தரையில் வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டேன். ட்ரிகர் ஸ்பிரிங் தெறித்தால் சிவப்புத் தரையில் தேட முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்தேன். ட்ரிகர் நிற்கும் பின்னை மட்டும் பஞ்ச் என்ற இரும்புக் கம்பியை வைத்துத் தட்டி எடுத்தால் போதும். சியரின் பின்னைத் தொட வேண்டியதில்லை, மெயின் ஸ்பிரிங் பக்கம் போகவே வேண்டாம். சரியான அளவுப் பஞ்ச் என்னிடம் இல்லை. தெரு முனை லேத் பட்டறை அண்ணன் ஒரு பழைய கம்பியைக் கடைந்து கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர், கையோடு கூட வந்து உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சியர் முகத்தில் மட்டும் ஊசிமுனை அளவு மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) வைத்தேன். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய் அல்லது தையல் மெஷின் எண்ணெய் விடுவது வழக்கம். இதில் அது வேண்டாம். எண்ணெய் பிஸ்டன் அறைக்குள் இறங்கினால், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் டீசல் எஞ்சினில் நடப்பதைப் போலப் பற்றிக்கொள்ளும். சத்தம் பெரிதாகும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

ஸ்க்ரூக்களைச் சரிசெய்வதில்தான் நேரம் முழுக்கப் போனது. முதல் ஸ்க்ரூவை அதிகம் உள்ளே விட்டால், விரல் வைக்கும் முன்பே சியர் பாதி விலகி விளிம்பில் நின்றுகொண்டிருக்கும். ட்ரிகர் ரொம்ப லேசாகத் தெரியும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் கீழே வைக்கும்போது ஒரு தட்டுப் பட்டாலே வெடிக்கக்கூடிய நிலை அது. அதனால் கால் சுற்று திருப்புவது, லோடு செய்து மணல் பெட்டியை நோக்கி முனையை வைத்துக்கொண்டு ஸ்டாக்கின் பின்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் தட்டுவது, சேஃப்டி போட்டு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை. விடவில்லை என்றால்தான் அடுத்த கால் சுற்று. பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கக்கூடாது, முன்னால் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும். பெல்லட் வைக்கும்போது மறுகை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சியர் நழுவினால் பேரல் மூடும் வேகத்தில் விரல் மிஞ்சாது.

முடிவில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். இன்னும் குறைக்கலாம், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீல த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து ஸ்க்ரூக்களை நிலைப்படுத்தினேன். களத்தில் அளந்து வைத்த பத்து மீட்டரில் ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுகின்றன. வலப்பக்க இழுப்பு போயே போய்விட்டது.

வேதை உப்பளம்:

நல்ல பதிவு அண்ணே. கடலோரத்துக்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் உப்புக் காற்றில் அந்தப் பின் துருவேறிப் பிடித்துக்கொள்கிறது. நான் மாற்றியபோது தட்டத் தட்ட அசையவே இல்லை. துருநீக்கி விட்டு ஓர் இரவு ஊறவைத்து, அடியில் பின் இறங்கும் அளவுக்குத் துளை போட்ட மரக்கட்டையை முட்டுக் கொடுத்துத் தட்டினேன், வந்தது. முட்டு இல்லாமல் அடித்தால் ட்ரிகர் கூடு வளைந்துவிடும். புதிய ட்ரிகரோடு வந்த ஸ்க்ரூவும் ஐப்பசி மழைக்குள் பழுப்பேறிவிட்டது, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவாக மாற்றிக்கொண்டேன். பஞ்சு வைத்த பையில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

தஞ்சைப் பெண்:

நான் திருச்சிக்குப் போய்ப் பழகுகிறேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், பிசிபி வகை (ஸ்பிரிங்குக்குப் பதில் முன்பே அடைத்து வைத்த அழுத்தக் காற்றில் சுடுவது). போட்டியில் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை, அதனால் எங்கள் ட்ரிகர்கள் கிராம் கணக்கில்தான் இருக்கும். பத்துப் புள்ளி என்பது அரை மி.மீ. பொட்டு, அதற்கு அது தேவை. ஆனால் முதன்முதலில் அந்த ரைஃபிளைக் கையில் வாங்கியபோது விரல் பட்டதுமே வெடித்தது, முனை குறிப்பலகைப் பக்கம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கோச் எனக்குப் பாரமான ட்ரிகரைத்தான் கொடுத்தார், விரல் பழகப் பழகக் குறைத்தார். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதைப் பார்த்துவிட்டு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். வந்ததும் லேசான ட்ரிகரைக் கேட்கிறார்கள். ஒரு கிலோவில் நிறுத்திக்கொண்டீர்களே சார், அதைத்தான் அவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிறேன்.

வடுவூரான்:

அண்ணே, இந்த ட்ரிகர் போட்டால் முப்பது மீட்டரில் குறி நிற்குமா? நாற்றங்காலில் கொக்கும் மடையானும் இறங்கி மிதித்துவிடுகின்றன. அப்பா ஒரு ஏர் கன் வாங்கி வைத்திருக்கிறார்.

குடந்தைக்காரன்:

தம்பி, கொக்கு, மடையான், கிளி எதையும் சுடக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை. ஏர் கன்தானே என்று விட்டுவிட மாட்டார்கள், உரிமம் வேண்டாம் என்பது அதற்கான அனுமதியும் இல்லை. உங்கள் ஊர் ஏரியே பறவைகள் சரணாலயம். அந்தக் கொக்குகள் நாற்றங்காலில் பொறுக்குவது பெரும்பாலும் புழுவையும் நண்டையும்தான். நாற்றின் மேல் மின்னும் ரிப்பனைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப் பாருங்கள், நாற்று வேர் பிடிக்கும் சில நாளைக்கு அது போதும்.

அப்பாவிடமும் சொல்லுங்கள். குறி பழக ஆசை என்றால் களத்தில் பத்து மீட்டர் அளந்து, மரப்பெட்டியில் எம்-சாண்ட் நிரப்பி, பின்னால் ஒரு இரும்புத் தகட்டை நிறுத்துங்கள். பெட்டிக்குப் பின்னால் ஆள் நடமாட்டமும் மாட்டுத் தொழுவமும் இல்லாத திசையாகப் பாருங்கள். முதலில் இருக்கிற ட்ரிகரிலேயே சுடுங்கள். ஐந்து ஐந்தாகச் சுட்டு, அட்டையில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். குண்டுகள் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகின்றன என்று அட்டை காட்டினால் எழுதுங்கள், என்ன மாடல் என்று பார்த்து எந்த ட்ரிகர் பொருந்தும் என்று சொல்கிறேன். எல்லாப் பக்கமும் சிதறினால் ட்ரிகரில் கை வைக்காதீர்கள், முதலில் ஸ்டாக் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் உதையில் அவை தானாகவே கழன்றுகொள்ளும்.