இலை உதிர்ந்த மரமா, இலை நிறைந்த மரமா: வரைய எது அழகு?

கிளைக்கோடு (ரொறன்ரோ):
இந்த வாரம் முழுக்க வீட்டுக்கு எதிரே நிற்கிற மேப்பிளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். ஜனவரி, ஒரு இலை கிடையாது. கோடையில் இதே மரத்தை வரைந்த தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் பச்சை மூட்டை மாதிரி இருக்கின்றன. எந்தக் கிளை வெளிச்சம் தேடி எந்தப் பக்கம் போனது, எங்கே முறிந்து மறுபடி துளிர்த்தது, எதுவும் அவற்றில் இல்லை. மேப்பிளில் கிளைகள் எதிரெதிராக இரண்டிரண்டாகக் கிளம்பும், ஓக்கில் மாறி மாறி வரும். இலை மூடியிருக்கும்போது இதை யார் பார்க்கிறார்கள்? வரைகிறவருக்கு மரம் என்றால் குளிர்கால மரம்தான், என் கட்சி இது.

பச்சைமசி (லண்டன்):
"பச்சை மூட்டை" என்றது சுருக்கென்று தைத்தது அக்கா. ஜூன் மாதத்தில் ஒரு மரத்தடியில் நின்று மேலே பாருங்கள். வெயில் ஊடுருவி வருகிற இலை மஞ்சள் கலந்த பச்சை, மேலிருந்து வெயிலை வாங்கித் திருப்புகிற இலையில் வானத்தின் நீலமும் கொஞ்சம் ஏறியிருக்கும், உள்ளே நிழலில் கிடப்பது கிட்டத்தட்ட கறுப்பு. இதைத் தாளில் கொண்டுவருவது கஷ்டம், மொட்டை மரம் சுலபம், அதனால்தான் நிறையப் பேர் குளிர்காலத்துக்கு ஓடுகிறார்கள். 1891இல் பிரெஞ்சு ஓவியர் மொனே, பிரான்சில் எப்த் ஆற்றங்கரைப் பாப்லர் மரங்களை வரைந்துகொண்டிருந்தபோது அவை ஏலத்துக்கு வந்துவிட்டன. தான் முடிக்கும்வரை வெட்ட வேண்டாம் என்று மரவியாபாரிக்குக் கைக்காசு கொடுத்து நிறுத்திவைத்தார் மனுஷன். மொட்டை மரத்துக்காக யாராவது அப்படிக் கொடுத்தார்களா?

கிளைக்கோடு:
காசை வைத்தா அளப்பது தம்பி? ஜெர்மன் ஓவியர் ஃப்ரீட்ரிக் 1809-10இல் வரைந்த "ஓக் காட்டில் மடாலயம்" பெர்லினில் இருக்கிறது. இடிந்த சுவர், சுற்றிலும் இலையற்ற ஓக் மரங்கள். அந்த மரங்களுக்கு இலை போட்டுப் பாருங்கள், படமே போய்விடும். அப்புறம் டச்சு ஓவியர் மொந்திரியான். சிவப்பு மரம், 1911இல் சாம்பல் மரம், 1912இல் ஆப்பிள் மரம் என்று அவர் படங்களை வரிசையாகப் பார்த்தால் மரம் மெல்ல மெல்ல வெறும் வளைகோடுகளாக ஆகிக்கொண்டே வருவது தெரியும். பின்னால் அவர் நேர்கோடும் கட்டமுமாகப் போனாரே, அதற்கு வழி விட்டது கிளைகள்தான்.

பச்சைமசி:
அந்த 1912 படத்தின் முழுப்பெயர் "பூத்த ஆப்பிள் மரம்". பூத்த மரத்தைக் குளிர்காலக் கணக்கில் எழுத விடமாட்டேன்.

கரித்துண்டு (மிசிசாகா):
பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். மொட்டை மரம் சுலபம் என்று பச்சைமசி சொன்னது சரியில்லை. பத்துப் பேரை வரையச் சொன்னால் எட்டுப் பேர் தடித்த கம்பத்தின் மேல் துடைப்பத்தைச் செருகிவைப்பார்கள். கிளைகளின் பருமனையெல்லாம் எந்த உயரத்தில் கூட்டினாலும் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியனார்டோ டா வின்சி எழுதிவைத்தார். அதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மரம் மரமாக நிற்கிறது. கிளைக்கோடு, உங்களுக்கும் ஒன்று. குளிர்காலம் என்றால் இலையே இல்லை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இளம் ஓக்கும் பீச் (beech) மரமும் காய்ந்த பழுப்பு இலைகளை வசந்தம்வரை பிடித்துக்கொண்டே நிற்கும், பனி வெளுப்பில் அந்தப் பழுப்பு அவ்வளவு அழகு. கோடை மரத்தில் இலைகளுக்கு நடுவே தெரிகிற வானத் துண்டுகளைத் திறந்த வானத்தைவிட ஒரு படி மங்கலாகத் தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை போட்ட மாதிரி பளிச்சென்று துருத்தும். அந்தத் துண்டுகள் எங்கே வரும் என்பதை உள்ளே இருக்கிற கிளைதான் தீர்மானிக்கிறது.

பச்சைமசி:
சரி, சுலபம் என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மரத்தின் அசைவு? காற்று வந்தால் ஆயிரம் இலை ஒரே சமயத்தில் வெளிறிப் புரண்டு மறுபடி பச்சைக்குத் திரும்புகிறதே, அந்த ஒரு நொடிக்காக நான் ஒரு கோடை முழுவதையும் கொடுப்பேன். உங்கள் மேப்பிள் எலும்புக்கூடு மாதிரி நிற்கிறது அக்கா.

கிளைக்கோடு:
எலும்புக்கூடு என்று தூரத்தில் இருந்து சொல்லலாம். இன்று காலை கைக்கெட்டிய ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தேன். நுனியில் இறுக மூடிய மொட்டு. அதற்குச் சற்றுக் கீழே, போன வருடத்து இலை விழுந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு, அதற்குள் மூன்று புள்ளி. கிளையின் மேற்பக்கம் பனி படிந்து வெள்ளைக் கோடு, அடிப்பக்கம் ஈரத்தில் கறுப்புக் கோடு. இரண்டு மணி நேரம் அந்த ஒரு கிளையைத்தான் வரைந்தேன், விரல் மரத்துப்போய்விட்டது. உயிர் இல்லாததை இவ்வளவு நேரம் பார்க்க முடியுமா?

பச்சைமசி:
அந்த மொட்டு போன கோடையிலேயே உருவானது அக்கா, இலைகள் சமைத்துக் கொடுத்த சாப்பாட்டில். அதை என் பக்கத்துக்குத்தான் எழுதுவேன். மே மாதம் விரியும்போது அதே கிளையை வரைந்து இங்கே போடுங்கள், பென்சிலை வைத்துவிட்டு வண்ணத்தில்.